குழிக்குள் கூப்பிட்ட பெயர்

ஜன்னலை ஏற்றிவிடு, ஜெயபாண்டி. சாரல் உள்ளே அடிக்கிறது. டிரைவர் டயரைத் தூக்கிக்கொண்டு போய் எவ்வளவு நேரமாயிற்று... சமயநல்லூரில் இந்த நேரத்துக்கு எந்தப் பஞ்சர்க் கடைக்காரன் எழுந்து வரப்போகிறான்? எல்லாரும் நடு சீட்டுக்கு வந்து நெருங்கி உட்காருங்கள். பின்னால் கூண்டில் இருக்கிற நாய்களே நம்மைவிட வசதியாகத் தூங்குகின்றன.

திண்டுக்கல் நாய்க் கண்காட்சியில் அந்தக் குட்டியை வாங்கியதிலிருந்து இவன் என் உயிரை எடுக்கிறான். நாகஜோதி அக்கா, ஜாக் ரஸல் டெரியரை எப்படி வளர்ப்பது, என்ன போடுவது, எப்போது குளிப்பாட்டுவது... வண்டியூரில் நாய்களைக் குளிப்பாட்டி, முடி வெட்டிப் பிழைக்கிறவள் நான். சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் இந்த வகை நாயைப் பற்றிப் பேசினாலே எனக்கு ஒன்றுதான் ஞாபகம் வருகிறது. கேட்டுவிட்டு அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

என் சிநேகிதி தமிழ்ச்செல்விக்கு ஒரு தம்பி. சிவபாண்டி. அவனுக்கு நடந்தது இது.

உச்சி வேளை. அக்கினி நட்சத்திர வெயில். கீழக்குயில்குடி தாண்டி, மலையை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போகிற மண்பாதை. இரண்டு பக்கமும் வேலிக்கருவை. ஆள் நடமாட்டம் கிடையாது. ஒரு காக்காகூடக் கத்தவில்லை. சிவபாண்டி பைக்கில் போகிறான். பின்னால் அவன் மகள் முத்துமீனா. இரண்டாம் வகுப்பு. அவள் மடியில் நாய்.

அங்கே ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தான். போர்வெல் போடுகிறவன் இடம் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தானாம். வெயிலில் நாயை வெளியே கூட்டிப் போகாதே என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன். தரையில் உன் உள்ளங்கையை வைத்துப் பார், உனக்குச் சுட்டால் அதற்கும் சுடும். காலையில் ஒரு நடை, சாயந்தரம் ஒரு நடை, நன்றாக ஓடவிடு. ஓடாவிட்டால் வீட்டையே தோண்டிப் போட்டுவிடும். கேட்டால்தானே? பிள்ளை நாயை விட்டுவிட்டு வரமாட்டாள், அதனால் கூட்டிப் போனேன் என்றான்.

அதுவும் உண்மைதான். முத்துமீனாவின் அம்மா டெங்குவில் போய்ச் சேர்ந்தாள். அதிலிருந்து அந்தப் பிள்ளை தூங்கவில்லை. நிஜமாகவே தூங்கவில்லை. கண்ணை மூடினால் அலறி எழுந்திருப்பாள். டாக்டர், மந்திரித்தல், எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் நான்தான் இதே வகைக் குட்டி ஒன்றைப் பிடித்துக் கொடுத்தேன். முதல் ராத்திரியே நாயின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டு விடிகிறவரை தூங்கினாள். நாய் இல்லாத ராத்திரி அவளுக்குத் தூக்கம் இல்லை. அந்த நாய்க்கு ஏதாவது ஆனால் என் பிள்ளையும் போய்விடுவாள் அக்கா என்று சிவபாண்டி என்னிடமே சொல்லியிருக்கிறான்.

பெயர் வைத்ததும் அவள்தான். உடம்பு முழுக்கப் பால் வெள்ளை. ஆனால் பெயர் கருப்பு. ஏன்டி இப்படி வைத்தாய் என்று கேட்டேன்.

"வெள்ளையா இருக்குல்ல அத்தை, கண்ணு பட்டுரும். அதான்."

கன்னத்தில் மை வைப்பதற்குப் பதிலாகப் பெயரிலேயே மை வைத்துவிட்டாள். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தோம்.

சரி... நிலத்துக்குப் போனார்கள். போர்வெல்காரன் வரவில்லை. நிலத்தின் நடுவில் ஒரு மண் மேடு. அதன் ஓரத்தில் ஒரு பொந்து. நாய் மூக்கைத் தூக்கியது... ஒரு இழுப்பு. பெல்ட் கழுத்தை விட்டுக் கழன்றது. பொந்துக்குள் போய்விட்டது.

இங்கேதான் நீ கவனிக்க வேண்டும், ஜெயபாண்டி. இது மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கு வந்த நாய் இல்லை. இங்கிலாந்தில் நரி வேட்டைக்கு ஒரு பாதிரியார் வளர்த்தெடுத்த வகை. நரி வளைக்குள் புகுந்துவிட்டால் பெரிய நாயால் நுழைய முடியாது. இது நுழையும். இரண்டு கையால் மார்பைச் சுற்றிப் பிடித்தால் விரலோடு விரல் முட்டும், அம்புட்டு ஒடுக்கம். வெள்ளை நிறமும் சும்மா இல்லை. வெளியே வரும்போது நரி என்று நினைத்து யாரும் அடித்துவிடக் கூடாது. உள்ளே போய் நரியைக் கொல்லாது. எதிரே நின்று குரைக்கும். விடாமல் குரைக்கும். மேலே இருக்கிறவன் சத்தத்தை வைத்து மண்வெட்டியால் தோண்டுவான். தோண்டுகிறவரை அது அங்கேயே நிற்கும். நம் ஆள் வருவான் என்று அதற்கு அவ்வளவு நம்பிக்கை.

கருப்பும் குரைத்தது. முதலில் பக்கத்தில்... அப்புறம் காலுக்குக் கீழே... அப்புறம் எங்கேயோ ஆழத்தில். பொந்து அவ்வளவு ஆழம் போகுமா என்று சிவபாண்டிக்குப் புரியவில்லை. பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டாள். இவன் சுடுமண்ணில் குப்புறப் படுத்து, பொந்தில் வாயை வைத்து, கையைக் குவித்துக் கூப்பிட்டான்.

"கருப்பு... மேல வாடா. கருப்பு... மேல வாடா."

குரைப்பு நின்றது.

உள்ளேயிருந்து காற்று வந்ததாம். அந்த வெயிலில் சில்லென்ற காற்று. ஈரமண் வாடை. கிணற்றுப் பாசி வாடை. கூடவே... பீடி வாடை.

அவன் மறுபடியும் வாயைத் திறந்தான். பின்னாலிருந்து யாரோ அவன் தோளைப் பிடித்து இழுத்தார்கள். சோணையம்மாள். பக்கத்துக் காட்டில் ஆடு மேய்க்கிற அம்மா. வயது அறுபதுக்கு மேல் இருக்கும். ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது.

"அந்தப் பேரச் சொல்லி அதுக்குள்ள கூப்பிடாதீக தம்பி."

அவன் ஒன்றும் புரியாமல் பார்த்தான். நாய் உள்ளே போய்விட்டது, அதன் பெயர்தான் கருப்பு என்றான். அந்த அம்மா மேட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார். இது மேடு இல்லை, கிணறு. தூர் வாரும்போது பக்கச் சுவர் சரிந்து உள்ளே இருந்த ஆளை மூடிவிட்டது. அந்த ஆள் சோணையம்மாளின் வீட்டுக்காரர். கருப்பு. நிலத்துக்காரர் தோண்ட விடவில்லை. மிச்சச் சுவரும் விழும், போலீஸ் கேஸாகும், உயிர் இருக்கவா போகிறது என்று சொல்லி, ராத்திரியோடு ராத்திரியாக டிராக்டரில் மண் கொண்டுவந்து தள்ளிவிட்டார். கூலிக்கு வந்தவர்கள் கேட்கவா முடியும்? விற்றபோது சிவபாண்டியிடம் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. ஒரு நாய்க்காக மண்வெட்டி எடுத்துக்கொண்டு போகிற ஊர் இருக்கிறது. இங்கே ஒரு மனுசனுக்கு எடுக்கவில்லை.

"நாங்களும் மண்ணுல வாய வச்சு எம்புட்டோ கூப்பிட்டோம், மேல வாங்க, மேல வாங்கன்னு. அப்ப வரல. இப்ப நீங்க கூப்பிட்டு... வந்துட்டா என்ன பண்ணுவீக?"

அவர் சொல்லி வாய் மூடவில்லை. பொந்தில் மண் உதிர்ந்தது.

நாய் வந்தது.

வளைக்குள் போன டெரியர் வெளியே எப்படி வரும் தெரியுமா? பின்பக்கமாக வரும். மண்ணை உதறும், தும்மும், மறுபடியும் உள்ளே ஓடப் பார்க்கும். வாலைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். இது தலை முதலில் வந்தது. மெதுவாக. ஒரு காலை மேலே வைத்து... நிதானித்து... அடுத்த காலை அதற்கும் மேலே வைத்து... கிணற்றுச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கிற கல்படியைப் பிடித்து ஏறுகிறவன் மாதிரி. உடம்பெல்லாம் செம்மண். ஈரச் செம்மண். அந்தப் பக்கம் மழை பெய்து மாசக்கணக்காகிறது.

முத்துமீனா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவளுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. நாய் அவளைப் பார்க்கவில்லை. சோணையம்மாளைப் பார்த்தது.

அந்த அம்மா அழவில்லை, ஓடவில்லை. முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். தலையைக் குனிந்துகொண்டார். புருசன் முன்னால் நிற்கிற மாதிரி நின்றார்.

"வந்துட்டீகளா?" என்றார். அவ்வளவுதான்.

சிவபாண்டி அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. பிள்ளையையும் நாயையும் தூக்கி பைக்கில் வைத்து, கிக்கரை உதைக்கப் போகிறான்... கேட்டது. காலுக்குக் கீழே. ஆழத்தில். லொள்... லொள்... லொள். அவனுக்குத் தெரியாதா அந்தக் குரைப்பு? தினமும் கேட்கிற குரல். மடியில் இருந்த நாய் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிள்ளை காதில் விழக் கூடாது என்று ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

மறுநாள் என் கடைக்குக் கொண்டுவந்தான். நடந்தது எதையும் அப்போது சொல்லவில்லை. மண்ணில் புரண்டுவிட்டது, குளிப்பாட்டுங்கள் என்று மட்டும் சொன்னான். முகம் வெளுத்திருந்தது. வேலைச் சோர்வு என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த நாய்க்குக் குளியல் மாதம் ஒன்று போதும். ரப்பர் பிரஷ்ஷால் அடிக்கடி தேய்த்துவிட்டால் முடி கொட்டுவது குறையும். காது மடிந்திருப்பதால் உள்ளே துடைத்துவிட வேண்டும். இதெல்லாம் சுலபம். கஷ்டம் என்னவென்றால் அது நிற்காது. கருப்பு என் கடைக்கு வந்தால் ரகளைதான். டிரையர் குழாயைக் கடிக்கும். தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய நாயிடம் வம்புக்குப் போகும். பயம் என்றால் என்னவென்றே தெரியாத பயல்.

அன்றைக்கு அது கடைக்குள் வந்ததும் கூண்டில் இருந்த நாய்கள் எல்லாம் கப்பென்று நின்றுவிட்டன. கத்தவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கின. எப்போதும் ஒரு கையால் தூக்கித் தொட்டியில் விடுவேன். அன்றைக்கு முடியவில்லை. இரண்டு கை போட்டும் இடுப்பு பிடித்துக்கொண்டது. தண்ணீர் ஊற்றினேன், செம்மண்ணாக ஓடியது. மறுபடி ஊற்றினேன்... மறுபடியும் செம்மண். தோலுக்குள்ளிருந்து ஊறுகிற மாதிரி வந்துகொண்டே இருந்தது. கடை முழுக்கப் பாசி வாடை. காதைத் துடைக்கக் குனிந்தேன். அது என் முகத்தைப் பார்த்தது. நாய் நம்மைப் பார்ப்பதற்கும் ஆள் பார்ப்பதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். இத்தனை வருஷமாக நாய் முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கையிலிருந்த துண்டு கீழே விழுந்துவிட்டது. எனக்கு அப்படி ஒரு பயம் அதற்கு முன்னால் வந்ததில்லை.

ஈரத்தோடேயே அனுப்பிவிட்டேன். ராத்திரி மனசு கேட்காமல் போன் போட்டேன். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னான். அன்று காலையிலும் நிலத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறான். சோணையம்மாள் மேட்டின் மேல் உட்கார்ந்திருந்தாராம். கீழே குரைப்பு கேட்டுக்கொண்டுதான் இருந்ததாம். தொண்டை கட்டிப்போன குரைப்பு. தோண்டிப்பார்க்கலாம் தம்பி, அன்னைக்குத்தான் தோண்டவில்லை என்று அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அது உன்னை நம்பி நிற்குதுடா, நீ போய்த் தோண்டுகிறவரை அந்த இடத்தை விட்டு அசையாதுடா, ஜேசிபி வாடகையை நான் தருகிறேன், இப்போதே போ என்று கத்தினேன். சிவபாண்டி குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"தோண்டுனா நம்ம கருப்பு வெளிய வந்துரும்க்கா. அப்ப வீட்டுல மக பக்கத்துல படுத்துருக்கறது யாரு? அதை நான் எப்படி வெளிய அனுப்புவேன்? என் பிள்ளை நேத்தும் அசையாமத் தூங்குச்சு, இப்பவும் தூங்குதுக்கா."

போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் கதவு திறக்கிற சத்தம். முத்துமீனா எழுந்து வந்திருக்கிறாள். தூக்கக் கலக்கத்தில் அவள் அப்பாவிடம் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏம்ப்பா... கருப்பு கை பிடிச்சுத் தூங்கும்போது மோதிரம் உறுத்துது. கழட்டவும் வரல. யாருப்பா போட்டுவிட்டா?"