கடல்குதிரைப் பக்கம்

மீன் இல்லாமல் சோறு இறங்காத குடும்பம் எங்களுடையது சார். ஆனாலும் மீனை உயிரோடு, அதன் வீட்டிலேயே பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நாற்பத்தாறு வயதில்தான் வந்தது. பெயர் தேவப்பிரியம், பூர்வீகம் நாசரேத் பக்கம். ராயபுரத்தில் கயிறும் நங்கூரமும் விற்கிறேன்.

எங்கள் முக்குளிப்பு கிளப்பில் பதினோரு பேர். ஞாயிறு காலை காசிமேட்டிலிருந்து படகில் எண்ணூர்ப் பக்கம் போவோம். ஆராதனையை விட்டுவிட்டுப் போகிறேன் என்று என் மனைவிக்கு மனத்தாங்கல்தான். எண்ணூர்க் கடலடியில் பழைய இரும்புப் பார்ஜ் ஒன்று, சரக்கு ஏற்றும் தட்டைப் படகு, மூழ்கிக் கிடக்கிறது. அதைச் சுற்றி மீன்கள் குடியிருக்கின்றன. பார்த்ததை நோட்டில் எழுதுவோம். ஜோடியாக இறங்கிய இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். இன்னொரு வழக்கமும் உண்டு. வலையோ கயிறோ சிக்கினால் அறுக்க ஜோடிக்கு ஒரு கத்திதான், அது மூத்தவர் காலில் கட்டியிருக்கும்.

2004 ஜனவரியில், அந்தப் பக்கம் யாருமே பார்த்திராத கடல்குதிரையைப் பார்த்ததாக நான் எழுதினேன். என் ஜோடி ஜெயவேல், புளியந்தோப்புக்காரன், வெல்டர். அவன் பார்க்கவில்லை. "அண்ணன் சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டான். சபையில் போதகர் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் நேரில் வந்து பார்க்கிறேன் என்று கடிதம் போட்டார். கயிற்றுக்கடைக்காரனுக்கு அதுவரை யாரும் கடிதம் எழுதியதில்லை.

நான் பார்த்தது மஞ்சள் நைலான் கயிற்றுத் துண்டு சார். துருப்பிடித்த இரும்பில் சிக்கிச் சுருண்டு ஆடிக்கொண்டிருந்தது. என் கடைச் சரக்காகக்கூட இருக்கலாம். நோட்டில் எழுதும்போதே எனக்குத் தெரியும்.

பேராசிரியர் வருவதற்கு முந்தைய ஞாயிறு, படகில் ஜெயவேல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, ராவுல தூக்கமே வர்ல. பாக்காத பொருளுக்குக் கையெழுத்து போட்டுக்கீறேன். இன்னிக்கும் கண்ல படலைன்னா, எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு என் பேரை அடிச்சிடறேன். பேஜாரா கீதுண்ணே."

"அதுக்கென்ன தம்பி, செஞ்சிருவோம்" என்றேன். அவன் நிம்மதியாகச் சிரித்தான். எனக்கு மானம் கப்பலேறுவது கண்ணில் தெரிந்தது.

கீழே ஒரே கலங்கல். ஆள் தெரியாது, டார்ச் வெளிச்சத்தை வைத்துத்தான் ஜோடியை அடையாளம் காண வேண்டும். மற்றவர்கள் பார்ஜின் மறுமுனையில் இருந்தார்கள். பார்ஜுக்கு அடியில் நுழைந்து கடல்குதிரையைத் தேடிய ஜெயவேல் ஒரு பழைய வலையில் மாட்டினான். முதுகிலிருந்த சிலிண்டரோடு வலை பின்னிக்கொண்டது. டார்ச்சை வட்டமாகச் சுற்றினான். உதவி வேண்டும் என்று அர்த்தம். நான் நாலடி தூரத்தில் இருந்தேன், கத்தி என் காலில் இருந்தது.

கலங்கலில் அவனைத் தவறவிட்டேன் என்று அன்று ஸ்டேஷனில் உங்களிடம் எழுதிக் கொடுத்தேன். அது சரியில்லை. நான் என் டார்ச்சை அணைத்தேன். அவனை நான் தொடக்கூட இல்லை சார், அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவன் வெளிச்சம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் என்னைத் தேடியது. ஒருமுறை என் முகத்தில் பட்டு நின்றது. நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். பயந்தவன் காற்றைச் சீக்கிரம் தீர்த்துவிடுவான், அதனால் அதிக நேரம் ஆகவில்லை. வெளிச்சம் ஆடாமல் நின்ற பிறகு மேலே வந்து அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை.

நேற்று அவன் வீட்டில் படத்திறப்பு. படத்துக்குக் கீழே 'கடல்குதிரை கண்ட ஜெயவேல்' என்று கிளப்பில் எழுதி வைத்திருந்தார்கள். அவன் மனைவி அன்புக்கரசி மகளை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"அண்ணே, அந்தக் குதிர எப்டி இருந்துச்சின்னு பாப்பாக்குச் சொல்லுங்கண்ணே. அவரு ஒண்ணுமே சொல்ல மாட்டேன்னுட்டாரு."

மஞ்சள் நிறம், வால் சுருண்டிருக்கும், தலையை ஆட்டும் என்று சொன்னேன். பிள்ளை கைதட்டிச் சிரித்தது. எனக்கு வெட்கம் தாங்கவில்லை. அவர்கள் கொடுத்த காப்பியை என்னால் குடிக்க முடியவில்லை.

ஆகவே, ஜெயவேலைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். அந்தக் கயிற்றுத் துண்டு விஷயத்தை மட்டும் விட்டுவிடுங்கள். எனக்காகக் கேட்கவில்லை சார், அந்தப் பிள்ளை ஏமாந்துபோகும்.