வழி கீழ்த்தளத்தில் இருந்தது

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் பெரியவர் அவர்களே, நோயை வென்றும் வெல்லப் போராடியும் வந்திருக்கும் உறவுகளே, மருத்துவமனை வராந்தாக்களில் காத்துக் காத்துக் கால் வீங்கிய தாய்மார்களே, வணக்கம். நான் வாழ்த்திப் பேச வரவில்லை. வயிறெரிந்து பேச வந்திருக்கிறேன்.

என் தங்கை பேருந்து நடத்துநர். நெரிசலுக்குள் நீந்தி, குரலாலேயே கூட்டத்தை நகர்த்துகிறவள். அவளுக்குச் சிறுநீர்ப்பையில் புற்று வந்தது. பையை எடுத்தார்கள். குடலில் ஒரு துண்டை வெட்டி, இரண்டு சிறுநீர்க்குழாய்களையும் அதில் தைத்து, சிறுநீர் வெளியேற வயிற்றில் ஒரு வாய் வைத்து, வெளியே ஒரு பை மாட்டினார்கள். உயிரைக் காத்தார்கள், அதற்கு இன்றும் கைகூப்புகிறேன். மாட்டிய பையோடு மறுபடி பேருந்தில் ஏறினாள் என் தங்கை.

அடுத்த ஆண்டு இடுப்பில் வலி. தைத்த இடம் தழும்பேறிச் சுருங்கி, இடப்பக்கச் சிறுநீரகம் வீங்கிவிட்டது. சிறுநீர் வடிய முதுகில் துளையிட்டுக் குழாய் செருகிய மேல்தளத்து மருத்துவர், "வயித்தை மறுபடி திறக்கிறது ஆபத்து. வேற வழியில்ல, இதோட பழகிக்கங்கம்மா" என்றார். பழகினாள். மல்லாந்து படுக்காமல் பழகினாள். மாறி மாறி வந்த காய்ச்சலுக்குப் பழகினாள். வேலையை விட்டு வீட்டில் முடங்கப் பழகினாள். "டிக்கெட் டிக்கெட்னு கத்தி எவ்வளவு நாளாச்சுண்ணே" என்றாள் ஒருநாள்.

ஒருநாள் குழாய் நழுவியது. மாற்றி வைக்கக் கீழ்த்தளத்து எக்ஸ்ரே அறைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த டாக்டரம்மா படத்தைப் பார்த்தார். "சுருக்கம் சின்னதாத்தானே இருக்கு? உள்ளுக்குள்ளயே விரிச்சுப் பார்த்தாங்களா?" என்றார். "விரிக்கிறதா? அப்படின்னா என்னங்கம்மா?" என்றேன்.

புற்று திரும்பவில்லை என்று முதலில் உறுதி செய்தார். பிறகு முதுகில் இருந்த அதே துளை வழியே மெல்லிய கம்பி. கம்பியின்மேல் சின்னஞ்சிறு பலூன். சுருங்கிய இடத்தில் அது ஊதி விரிந்தது. திறந்த வழி மூடாதிருக்கச் சில வாரம் உள்ளே ஸ்டென்ட் என்கிற ஒரு மெல்லிய குழாய். வயிற்றில் கத்தி படவில்லை, தையல் விழவில்லை.

"வேற வழியில்ல" என்ற அந்த மருத்துவரைத் தேடி நேராக மேல்தளத்துக்கு ஏறினேன்.

"இப்படி ஒரு வழி இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

கேட்கவில்லையாம். இருப்பதே தெரியாதவன் எதைக் கேட்பான்? நோயாளி வாய் திறக்கவில்லை என்று மருத்துவம் வாய் மூடிக்கொள்ளுமா?

என்னங்க அங்கே? எல்லோருக்கும் இது சரிப்படுமா என்கிறீர்களா? சரிப்படாது அய்யா. அடைப்பு நீளமென்றால் திறந்துதான் ஆக வேண்டும். விரித்தது மறுபடி சுருங்கவும் கூடும். டாக்டரம்மா அதையும் சொன்னார். சொன்னார் என்பதுதான் எனக்குப் பெரிது.

முதுகுக் குழாய் கழன்று, தங்கை இன்று பணியில் இருக்கிறாள்; அதனால்தான் இங்கே வரவில்லை. ஆனால் காய்ச்சல்மேல் காய்ச்சலாய்க் கண்ட காலத்தில் அந்தச் சிறுநீரகம் பாதிக்குமேல் பாழாகிவிட்டது. அதை எந்தப் பலூன் மீட்கும்?

சொல்வது அவர்கள் கடமை. அவர்கள் சொல்லும்வரை விடாமல் கேட்பது நம் வேலை. "வேறு வழியில்லை" என்று யார் சொன்னாலும் கேளுங்கள்: "உங்ககிட்ட இல்லையா, இல்ல எங்கயுமே இல்லையா?" பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.

பொறுமையாகக் கேட்டீர்கள், நன்றி. அந்தப் பொறுமையை இங்கேயே விட்டுவிட்டு வீடு திரும்புங்கள். வணக்கம்.