டோர்டிஸ் தட்டிய கதவு

மாலை ஏழு மணி. ஈஸ்டருக்கு முந்தின வியாழன். பனி ஒதுக்கும் வண்டி கீழே இறங்கிவிட்டால் அந்த மலைச்சாலையில் மறுநாள்வரை ஆள் நடமாட்டம் கிடையாது...

மின்சாரம் வரும்வரை நம் ஆலையில் மீன் வெட்ட முடியாது. கேளுங்கள். நடந்தது இதோ நம்மோடு வேலை செய்கிற ஸ்வெர்ரேயின் அக்கா டோர்டிஸுக்கு. அவள் புருஷன் எய்விந்த் கதை எழுதுகிறவன். ஈஸ்டர் லீவில் நாமெல்லாம் மலைக்குடிசையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டு படிப்போமே, கொலைக்கதை... அது.

நடித்துக் காட்டாவிட்டால் அவனுக்கு எழுத வராது. சாப்பாட்டுக்கு நடுவே கேட்பான்.

"டோர்டிஸ், கொஞ்சம் செத்துப் போறியா?"

"உருளைக்கிழங்கு ஆறிடும். தின்னுட்டுச் சாகறேன்."

சிரிக்காதே, ஹால்வர். ஸ்வெர்ரே சிரிக்கிறானா பார்.

அன்று குடிசையில் அவர்கள் இரண்டு பேர்தான். புதுக்கதையில் ஒருத்தி பனிப்புயலில் வந்து கதவைத் தட்டுகிறாள். உள்ளே இருப்பவர்கள் திறப்பதில்லை.

"வெளிய போய்த் தட்டு. கெஞ்சு. எழுதி முடிக்கிற வரைக்கும் திறக்க மாட்டேன். நெசமாவே முடியலன்னா 'காபி'ன்னு சொல்லு."

அவர்களுக்குள் பழகின ஏற்பாடுதான். கம்பளிச் சட்டையோடு போனாள். கையுறை போடவில்லை. பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது... டக்.

தட்டினாள். கெஞ்சினாள். உள்ளே பென்சில் கரகரத்தது. காற்று திரும்பி, விறகுப் புகை முகத்தில் அடித்தது. விரல்கள் மரத்துப் போயின.

"காபி! எய்விந்த், காபி!"

நாற்காலி நகர்ந்தது. காலடி கதவுவரை வந்தது. தாழ்ப்பாளில் கை பட்ட சத்தம்...

அப்போது உள்ளே ஒரு பெண் பேசினாள். டோர்டிஸின் அதே குரல்.

"திறக்காத. அது நான் இல்ல."

காலடி திரும்பிப் போனது.

கீழ்க்குடிசைக்காரர் பனி ஸ்கூட்டரில் வந்தபோது அவள் உதவி தேடி இறங்கிச் சாலை வளைவில் விழுந்து கிடந்தாள். உறைந்துபோன இரண்டு விரல்களைப் பிறகு வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் அடுப்பு எரிகிற இடம் எய்விந்த் இருந்த குடிசைதான். தூக்கிக்கொண்டு போனார். தட்டியும் திறக்கவில்லை. கோடரியால் உடைத்தார்.

எய்விந்த் மேஜையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் இரண்டு கோப்பை காபி. இரண்டிலும் ஆவி.

டோர்டிஸை ஏறிட்டுப் பார்த்தான். முகம் வெளிறியது. மெல்லப் படுக்கையறைப் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"டோர்டிஸ்... வெளிய வராத. அவ உள்ள வந்துட்டா."

அறைக்குள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது... டக்.