சிற்றம்பலத்தின் நாற்பது போத்தல்கள்

உங்கள் உடற்குறை உதவிப் படிவத்தில் ‘பாதிப்புக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதற்கு இரண்டு வரி இடம் விட்டிருக்கிறீர்கள். உங்களிடம் வருகிறவர்களின் காரணங்கள் அவ்வளவு சுருக்கம் போலும். எனக்குப் போதவில்லை; ஆகவே தனித்தாள் இணைக்கிறேன்.

விண்ணப்பதாரர் சிற்றம்பலம், வயது ஐம்பத்திரண்டு, உணவகமொன்றில் கோப்பை கழுவுபவர். நான் நித்தியானந்தன், நொய்கெல்ன் நகர்ப்பகுதியில் அவருக்கு நேர் கீழ் மாடியில் இருப்பவன். இருபது வருடமாக இந்தப் பகுதித் தமிழருக்குக் கடிதமும் படிவமும் எழுதிக் கொடுப்பவன். சிற்றம்பலத்தின் அகதி விண்ணப்பமும் அவர் மனைவியை அழைத்த விசாவும் நான் எழுதியவை. மூன்று வருடங்களுக்கு முன் அவருடைய மகள் ஆதிரை பள்ளியில் ஜெர்மன் பாடத்தில் முதலாவதாக வந்தாள். அன்றிலிருந்து கடிதமெல்லாம் அவள். பிறகு மற்றவர்களும் அவளிடம் போனார்கள். படியில் கண்டால் சிற்றம்பலம் என்னிடம் மழையைப் பற்றிப் பேசுவார். மழை பெய்வதை நானும் கவனித்திருந்தேன். இதில் எனக்கு வருத்தமில்லை; தகவலுக்காகவே குறிப்பிடுகிறேன்.

இந்த 2006ஆம் ஆண்டு, உலகக் கிண்ணப் பந்தாட்டத்தை முன்னிட்டு, உணவக முதலாளி அவருக்கு வீட்டிலேயே பியர் காய்ச்சும் பெட்டி ஒன்றைப் பரிசளித்தார். ஆதிரை அதன் கையேட்டைத் தொட மறுத்துவிட்டாள். “அப்பா, உங்கட குடிக்கு நான் மொழிபெயர்க்க மாட்டன்” என்றாளாம். ஆகவே மூன்று வருடத்துக்குப் பிறகு என் கதவு தட்டப்பட்டது. குடியுரிமைக் கடிதம் அவளுக்கு, பியர் கையேடு எனக்கு.

சரியாகவே மொழிபெயர்த்தேன். போத்தலில் அடைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் முக்கால் தேக்கரண்டி சீனி என்று அடிக்கோடிட்டும் கொடுத்தேன். அவர் நாற்பது போத்தலுக்கும் இரண்டு கரண்டி வீதம் போட்டார். “முக்கால் கரண்டி தேத்தண்ணிக்கே காணாது அண்ணை” என்று விளக்கமும் சொன்னார்.

மூன்றாவது வாரம் மறுபடி வந்தார்.

“திறந்தா குசினி முகடு முழுக்க நுரை. நேற்று ஒண்டு தானா வெடிச்சிட்டுது. மனுசி எல்லாத்தையும் எறியச் சொல்லுறாள். எப்பிடி எறியிறது? பிள்ளையள் மாதிரிப் பாத்தனான்.”

“ஆதிரை வாசிச்சுச் சொல்ல மாட்டாளோ?”

“அவளுக்கு உதுக்கெல்லாம் எங்க நேரம்? நீங்கள் சும்மாதானே இருக்கிறியள்.”

உண்மையைச் சொன்னவர்மேல் கோபப்பட முடியாது. நான் கோபப்படவில்லை.

வாயு மிஞ்சிய போத்தலை என்ன செய்வது என்று கையேட்டில் ஐந்து படிகள் இருந்தன. முதலாவது, அசைக்காமல் இரண்டு நாள் நன்றாகக் குளிரவிட வேண்டும். இரண்டாவது, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குத் தடித்த உறையும் வேண்டும். மூன்றாவது, ஈரத் துவாயால் போத்தலைச் சுற்ற வேண்டும். நான்காவது, மூடியைக் கொஞ்சமாகத் தளர்த்தி வாயுவை வெளியேற்ற வேண்டும். ஐந்தாவது, மூடிவிட்டு மறுநாளும் அப்படியே செய்ய வேண்டும்.

கடைசி இரண்டை மட்டும் எழுதினேன். அவற்றுக்கு ஒன்று, இரண்டு என்று புதிதாக இலக்கமிட்டேன். நான்கில் தொடங்கும் பட்டியல் பார்க்க அழகாக இருக்காது.

“இவ்வளவுதானோ?”

“இவ்வளவுதான்.”

கையேட்டை நானே வைத்துக்கொண்டேன்.

ஜூலை மாதத்து ஞாயிறு, நல்ல வெயில். அவர் பால்கனியில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். நான் என் சன்னலைத் திறந்து வைத்திருந்தேன். ‘இஸ்’ என்ற சத்தம் பத்துத் தடவை கேட்டது. பதினோராவது வேறு மாதிரிக் கேட்டது. மேலே போய்த் தடுக்க நேரம் இருந்ததா என்று கேட்பீர்கள். ஒரு போத்தலுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருந்தது. அம்புலன்சுக்கு அழைத்தவனும் நான்தான். அந்த வீட்டில் அன்று தெளிவாக ஜெர்மன் பேசும் நிலையில் வேறு யாரும் இல்லை.

வலது கண்ணை எடுக்கவேண்டி வந்தது.

“நான் வாசிச்சுக் குடுத்திருக்கலாம் மாமா. எல்லாம் என்ர பிழை” என்று ஆதிரை ஆஸ்பத்திரி விறாந்தையில் அழுதாள். தேநீர் வாங்கிக் கொடுத்தேன், தலையைத் தடவினேன். உன் பிழையில்லை என்று மட்டும் சொல்லவில்லை. அதன்பின் அவள் யாருக்கும் எதுவும் எழுதுவதில்லை. இந்தப் படிவம் என்னிடம் வந்தது அப்படித்தான்.

அரசாங்கப் படிவத்தில் நான் பொய் எழுதுவதில்லை. காரணம்: நான் வேண்டுமென்றே விட்ட மூன்று படிகள். அவர் கண் போகவேண்டும் என்று நினைக்கவில்லை. சிறு காயம் பட்டு, காப்புறுதிக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ என்று வந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

இந்தப் பந்தியை அவர் கையொப்பமிட்ட பிறகு சேர்க்கிறேன். ஒழுங்குமுறைப்படி இது தவறு, மன்னிக்கவும். மேலே ஜெர்மனில் உள்ளதைத் தமிழில் வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். மிஞ்சிய கண்ணால் என்னைப் பார்த்தார்.

“வேண்டாம் அண்ணை. நீங்கள் எழுதினா சரியாத்தான் இருக்கும். இனி எல்லாம் நீங்கள்தான்.”

எங்களுக்குள் இப்போது எந்த மனத்தாங்கலும் இல்லை என்பதையும் தயவுசெய்து குறித்துக்கொள்ளவும்.