துறை விளக்கை மாற்றக் கேட்டது நான்தான்

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் 12ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 10.20 மணிக்குப் பொலிஸ் நிலையத்தில் பெண் பொலிஸ் கான்ஸ்டபிள் நிரூபாவால் தமிழில் எழுதப்பட்டது. சாட்சி அழைக்கப்படாமல் தானாகவே வந்தவர்.

பெயர்: பஸ்தியான் றோசமேரி. வயது: 43. மதம்: கத்தோலிக்கம். தொழில்: கருவாடு போடுதல். முகவரி: இலக்கம் 27, கடற்கரை ஒழுங்கை, தாழையடிமுனை.

நான் மேற்படி முகவரியில் வசிக்கிறேன். எனக்கு ஒரே மகள். பெயர் ஷானிகா, வயது 18, உயர்தரம் படிக்கிறாள். என் கணவர் பஸ்தியான், வயது 49, இந்த மாதம் 8ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டுக்கு நேரே கடலுக்கடியில் பாறையாகக் கிடக்கும் கற்பாரில் போட் மோதி இறந்துபோனார். அவருடைய சாவுக்குப் பிரதேச சபையில் மின்சார வேலை செய்யும் நிஸ்தார்தான் காரணம் என்று மீனவர் சங்கத் தலைவர் இன்னாசித்தம்பி அண்ணன் முறைப்பாடு கொடுத்திருப்பதாகவும், நிஸ்தாரை நேற்றிலிருந்து இங்கே இருத்தி வைத்திருப்பதாகவும் கேள்விப்பட்டு வந்தேன். அந்தப் பிள்ளை ஒரு குற்றமும் செய்யவில்லை. அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

யுத்தம் நடந்த காலத்தில் எங்கள் துறையில் விளக்கு இருக்கவில்லை. யுத்தம் முடிந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு சபை அங்கே ஒரு கம்பம் நட்டு மஞ்சள் விளக்கு ஒன்று பூட்டியது. அதற்குப் பின்னால், மேட்டில், எங்கள் கோயிலின் சிலுவை விளக்கு இருக்கிறது. கடலில் இருந்து பார்க்கும்போது சிலுவை விளக்குக்கு நேர் கீழே துறை விளக்கு தெரிந்தால், போட் பாருக்கு நடுவே உள்ள வழியில் வருகிறது என்று அர்த்தம். ஒன்று விலகித் தெரிந்தால் திருப்ப வேண்டும். எங்கள் ஆண்கள் இருட்டில் கரைக்கு வருவது இந்த இரண்டு விளக்கையும் பார்த்துத்தான். இதை யாரும் ஒரு கடதாசியிலும் எழுதி வைக்கவில்லை. எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

எங்கள் வீடு துறைக்குத் தெற்கே நூற்றைம்பது மீற்றர் தள்ளி, ஒழுங்கையின் கடற்கரைப் பக்க முனையில் இருக்கிறது. ஒழுங்கையில் விளக்கு இருக்கவில்லை. மகள் டியூசன் முடிந்து மாலை ஏழு மணி பஸ்ஸில் இறங்கி, அந்த இருட்டில் தனியே நடந்து வர வேண்டும். கடந்த ஒக்டோபர் மாதம் துறை விளக்கைக் கழற்றி எங்கள் முனையில் பூட்டச் சொல்லிச் சபையைக் கேட்போமா என்று கணவரிடம் கேட்டேன். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "அதுல மட்டும் கை வைக்காத. நான் வாடியால வந்தாப்புறகு வேற வழி பாப்பம்" என்றார். அதற்கு நான், கடலைப் பார்க்கிற கண் வீட்டைப் பார்க்காது என்று சொல்லி இரண்டு நாள் அவரோடு கதைக்காமல் இருந்தேன். அந்த இரண்டு நாளை இப்போது யாராவது திருப்பித் தருவார்களென்றால் நான் எதையும் கொடுப்பேன்.

அதன் பிறகு நவம்பர் மாதம் வழக்கம்போல எங்கள் துறையில் உள்ள ஆண்கள் எல்லோரும் போட்களோடு பத்தலங்குண்டுத் தீவுக்குப் போய், மணலில் கொட்டில் அடித்து வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்தார்கள். தலவிலக் கோயிலின் மார்ச் திருநாளுக்குத்தான் திரும்புவார்கள். கணவரும் அவருடைய தம்பி றொபியும் ஒரு போட்டில் போனார்கள்.

அதன் பிறகு ஜனவரி மாதம் 10ஆம் திகதி மாலை, மகள் ஒழுங்கையில் வரும்போது மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் அவளுடைய கையைப் பிடித்து இழுத்தான். அவள் கையை உதறிக்கொண்டு ஓடி வந்தாள். ஆள் யார் என்று இருட்டில் தெரியவில்லை. முறைப்பாடு கொடுக்கவில்லை, பெண்பிள்ளையின் பெயர் ஊர் வாயில் போகும் என்று பயந்தேன். அன்றிலிருந்து அவள் டியூசனுக்குப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். பெற்றவளாய் என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

அதன் பிறகு துறை விளக்கை எங்கள் ஒழுங்கை முனைக்கு மாற்றித் தரும்படி சபைக்கு ஒரு மனு எழுதினேன். நானே என் கையால் எழுதினேன். எனக்கு இப்போது காட்டப்பட்ட பிரதியில் இருப்பது என் எழுத்துத்தான். எழுத்து நல்ல வடிவாக இருக்கிறதே என்று கேட்கப்பட்டது. கருவாடு போடுகிறவளின் எழுத்து வடிவாக இருக்கக் கூடாதா என்று நான் திருப்பிக் கேட்டேன். என் மகளுக்கும் அந்த மனுவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவள் அந்த நேரம் படித்துக்கொண்டிருந்தாள். ஒழுங்கையில் உள்ள முப்பத்தெட்டுப் பெண்கள் அதில் ஒப்பமும் பெருவிரல் அடையாளமும் வைத்தார்கள். அதை எங்கள் வட்டாரத்துச் சபை உறுப்பினர் அலீமாவிடம் கொடுத்தேன். அவரும் பெண்பிள்ளை பெற்றவர், ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு பெப்ரவரி 12ஆம் திகதி சபைக் கூட்டத்துக்கு நாங்கள் நான்கு பெண்கள் போய்ப் பின் கதிரைகளில் இருந்தோம். கட்டாக்காலி நாய்களைப் பிடிப்பது யார் என்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தார்கள். பிறகு சந்தைக் கூரை, குப்பை உழவு இயந்திரத்தின் டயர், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் தேங்கி நிற்கும் வடிகான் தண்ணீர் எல்லாம் வந்தது. கடைசியில் அலீமா எங்கள் மனுவை வாசித்தார். புது விளக்கு இந்த வருடம் இல்லை, இருப்பதைக் கழற்றித்தான் மாற்றலாம் என்று தவிசாளர் சொன்னார். அதன் பிறகு அவர் எங்களைப் பார்த்து, "துறையில உள்ளவங்க இதுக்கு ஓமா?" என்று கேட்டார். நான் எழுந்து, "துறையில இப்ப ஒருத்தரும் இல்ல சேர். எல்லாரும் வாடியில. லைட்டு மணலுக்குத்தான் எரியுது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு நிறைவேறியது. தேநீர் ஆறுகிற நேரம் கூட எடுக்கவில்லை. அந்த வார்த்தை கூட்ட அறிக்கையில் என் பெயரோடு இருக்கும், எடுத்துப் பார்க்கலாம்.

அதன் பிறகு பெப்ரவரி 21ஆம் திகதி வியாழக்கிழமை நிஸ்தார் ஏணியோடு வந்தார். துறையில் விளக்கைக் கழற்றிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு முன் கம்பத்தில் பூட்டினார். பூட்டுமுன் ஏணியில் ஒரு காலை வைத்தபடி, "அக்கா, கடல் போறவங்களுக்கு இத சொல்லிட்டீங்கதானே? அவங்க இத பாத்துத்தானே வாறாங்க?" என்று கேட்டார். நான், "எல்லாருக்கும் சொல்லியாச்சு தம்பி, நீங்க பூட்டுங்க" என்றேன். அது பொய். யாருக்கும் நான் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை அந்தப் பிள்ளை கேட்டார். பொய் சொன்னது நான். இதைத் தயவுசெய்து கோடிட்டு எழுதவும்.

தீவில் ஒரு மணல் திட்டியில் ஏறி நின்றால் மட்டும் போன் வேலை செய்யும். கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பார். விளக்கு மாற்றிய பிறகு பெப்ரவரி 24ஆம் திகதியும் மார்ச் 3ஆம் திகதியும் எடுத்தார். ஆடு குட்டி போட்டதைச் சொன்னேன். குசினிக் கூரையில் தகரம் பறந்ததைச் சொன்னேன். மகள் மறுபடி டியூசனுக்குப் போகிறாள் என்று சொன்னேன். அவள் பயந்து நின்றுவிட்டதை ஜனவரியிலேயே அவருக்குச் சொல்லியிருந்தேன். "என்னண்டு பயம் தெளிஞ்சது?" என்று சந்தோசமாகக் கேட்டார். வாருங்கோ சொல்கிறேன் என்றேன். விளக்கைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. வந்து குளித்து, சாப்பிட்டு, வயிறு நிறைந்த பிறகு சொன்னால் குறைவாக ஏசுவார் என்று நினைத்தேன். மற்றப் போட்கள் சனிக்கிழமை பகலில்தான் வரும், இவரும் அவர்களோடுதான் வருவார் என்றும் நினைத்தேன்.

மார்ச் 8ஆம் திகதி மாலை ஏழு மணியளவில் நான் விளக்குக்குக் கீழே நின்று மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பஸ்ஸில் இறங்கி ஒழுங்கையால் வந்துகொண்டிருந்தாள். அப்போது கடலில் இஞ்சின் சத்தம் கேட்டது. எங்கள் இஞ்சின் இடையில் ஒரு தரம் இருமும், நூறு போட்டுக்குள் கேட்டாலும் சொல்லுவேன். அவர் ஒரு நாள் முந்தி வருகிறார் என்று தெரிந்தது. சத்தம் துறைப் பக்கம் போகாமல் நேரே எங்கள் வீட்டைப் பார்த்து வந்தது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோசம்தான் வந்தது. மனிசன் துறைக்கும் போகாமல் நேரே வீட்டுக்கு ஓடி வருகிறாரே என்று நினைத்தேன்.

அதன் பிறகுதான் அண்ணாந்து விளக்கைப் பார்த்தேன். அதை அணைக்க வேண்டும் என்று கம்பத்தைச் சுற்றி ஓடினேன். சுவிட்ச் பெட்டி பழைய துறைக் கம்பத்திலேயே பூட்டிக் கிடந்தது, திறப்பு சபையில். கல் எடுத்து விளக்குக்கு எறிந்தேன். ஏழெட்டுக் கல் எறிந்தேன். ஒன்றும் படவில்லை. மகள் ஓடி வந்து, "என்னம்மா செய்யிறீங்க?" என்று கேட்டாள். நான் கடலைக் கையால் காட்டினேன். அவளும் பையைப் போட்டுவிட்டுக் கல் எடுத்தாள். அப்போது இஞ்சின் சத்தம் ஒரு தரம் உயர்ந்து, நின்றுபோனது.

றொபி நீந்திக் கரைக்கு வந்தார். பாரில் அடிபட்டு அவருடைய தோள் உடைந்திருந்தது. தான் "வழி மாறிப் போறமோ அண்ணன்" என்று கேட்டதாகவும், அதற்கு என் கணவர், "லைட்டு ரெண்டும் நேராத்தான்டா நிக்கிது, விடு" என்று சொன்னதாகவும், அடுத்த கணம் பாரில் ஏறியதாகவும் என்னிடம் சொன்னார். ஒரு நாள் முந்தி வந்ததற்குக் காரணம், பயம் தெளிந்த மகளைப் பார்க்க அண்ணனுக்கு அவசரமாக இருந்தது என்றும் சொன்னார்.

மறுநாள் காலை கணவரைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். உடலை நான் அடையாளம் காட்டினேன். போட்டில் கட்டியிருந்த சாக்கு ஒன்றும் ஒதுங்கியது. திருநாளுக்குத் தலவிலவில் மரத்தடியில் சமைக்க என்று கட்டாக் கருவாடு கொண்டுவந்திருந்தார். மகளுக்கு முள் ஆகாது என்று எல்லாத் துண்டிலும் முள்ளை எடுத்து வைத்திருந்தார். இருபத்தொரு வருடமாகக் கருவாடு போடுகிறேன், இவ்வளவு பொறுமையாக ஒருவர் முள் எடுத்து நான் பார்த்ததில்லை. அந்தச் சாக்கை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம் செய்தோம். அதன் பிறகு துறைக்காரர் நிஸ்தார் வீட்டுக்கு முன்னால் கூடிச் சத்தம் போட்டதாக அறிந்தேன். அவர்களையும் நான் குறை சொல்லவில்லை. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல அவர்களுக்கு இருந்திருக்கும். ஆனால் உலுக்க வேண்டிய ஆள் எங்கள் வீட்டுக்குள்ளே கதிரையில் கறுப்பு உடுத்திக்கொண்டு இருந்தாள், ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை.

விளக்கு வழக்குப் பொருள், கழற்றக் கூடாது என்று பொலிஸ் சொன்னபடியால் அது இன்னும் எங்கள் வீட்டு முன்னால்தான் எரிகிறது. அது எரியத் தொடங்கியதும் மகள் எழுந்து பின்பக்கம் போய் இருட்டில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமையில் இருந்து அவள் பேனையைத் தொடவில்லை. புத்தகப் பையைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் வைத்திருக்கிறாள். நான் இரண்டு தரம் எடுத்து உள்ளே வைத்தேன், இரண்டு தரமும் அவள் திரும்பக் கொண்டுபோய் வைத்தாள். அவளை இங்கே அழைத்து விசாரிக்கத் தேவையில்லை. மனு கேட்டது நான், எழுதியது நான், சபையில் எழுந்து கதைத்தது நான், பொய் சொன்னது நான், போனில் மறைத்ததும் நான். வழக்கில் யாருடைய பெயராவது வாசிக்கப்பட வேண்டுமென்றால் என் பெயரை வாசிக்கவும்.

நிஸ்தாரை வீட்டுக்கு விடும்படியும், விளக்கைத் திரும்பத் துறையில் பூட்டும்படியும் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு வேறு கோரிக்கை இல்லை.

இதில் எழுதப்பட்டதெல்லாம் நான் சொன்னதே. யாரும் என்னைப் பயமுறுத்திச் சொல்லவைக்கவில்லை. எல்லாம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. சரி, உண்மை.

குறிப்பு: ஒப்பமிடப் பேனை கொடுத்தபோது, தனக்கு எழுத வாசிக்கத் தெரியாது, பள்ளிக்கூடம் போனதில்லை என்று சாட்சி கூறினார். இடது கைப் பெருவிரல் அடையாளம் பெறப்பட்டது. மனு எழுதியவரைப் பற்றி அவர் சொன்னது சொன்னபடியே விடப்பட்டது. அது குறித்து மேலும் எவரும் விசாரிக்கப்படவில்லை.

ஒப்பம்: நிரூபா, பெண் பொலிஸ் கான்ஸ்டபிள்.