அரை விரற்கடை

எனக்குச் சுவரில் படம் மாட்ட வராது, டாக்டர். கல்யாணமான புதிதிலிருந்து என் வீட்டுக்காரர் சொல்லிவருவது அது. அதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

அவர் முழங்காலில் அவ்வளவு பக்குவமாக வளர்த்துவைத்த குருத்தெலும்பு எப்படிக் கிழிந்தது என்று கேட்டீர்கள். மகன் எதிரில் சொல்வதற்கில்லை. அதனால்தான் அவனை மருந்துக் கடைக்கு அனுப்பினேன். உங்கள் செல்கள்மேல் ஒரு குறையும் இல்லை. செய்யாத தப்புக்கு நீங்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அவர் திருகாணி செய்யும் ஆலையில் தரம் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு பார்ப்பதற்குத் திருகாணி இல்லாமல் என்னைப் பார்க்க ஆரம்பித்தார். துண்டை மடித்த விதம், டம்ளர்கள் நிற்கும் வரிசை, நான் கதவைச் சாத்தும் சத்தம். கெட்ட மனிதர் இல்லை. ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. "இன்னொரு தடவை செஞ்சு பாரேன்" என்பார், அவ்வளவுதான். நானும் நாள் முழுக்க எல்லாவற்றையும் இன்னொரு தடவை செய்து பார்த்தேன்.

பிறகு ஒருநாள் சுவர்க் கடிகாரத்தை நேராக்க ஸ்டூலில் ஏறி, முழங்கால் முறுக்கிக்கொள்ள விழுந்தார். அது விபத்து. கடிகாரத்தைத் துடைத்தது தவிர எனக்கு அதில் பங்கில்லை. குருத்தெலும்பில் பள்ளம் விழுந்துவிட்டது, அது தானாக ஆறாது என்றார்கள். அவரால் படி ஏற முடியாமல் போயிற்று.

எங்கள் வீட்டில் மாடியில் ஓர் அறை உண்டு. காலி அறை. அவர் ஏற மாட்டார் என்பது உறுதியானதும் நான் மத்தியானங்களில் அங்கே போக ஆரம்பித்தேன். ஈரத் துண்டை நாற்காலியில் போடுவேன். பாதி குடித்த தேநீரை ஜன்னல் திட்டில் வைத்து மறப்பேன். தரையில் படுத்துக்கொண்டு பிஸ்கட் தின்றபடி கதை படித்து, புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுத் தூங்குவேன். விழிக்கும்போது கன்னத்தில் பிஸ்கட் தூள் ஒட்டியிருக்கும். அப்படி ஒரு நிம்மதி எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

அப்போதுதான் மகன் உங்களைக் கண்டுபிடித்தான். நீங்கள் பொறுமையாகச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து, அதிலுள்ள ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்து, பசை மாதிரி ஒன்றில் கலந்து பள்ளத்தில் வைப்பீர்கள். அது மெல்லக் குருத்தெலும்பாக மாறும். "ஆறு வாரம் அந்தக் கால்ல பாரமே விழக் கூடாதும்மா. ஈரச் சிமெண்ட் மாதிரி. அப்புறம் மாடிப்படி என்ன, மலையே ஏறலாம்" என்றீர்கள். மலையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

"அம்மா, நீதான் பாத்துக்கணும்" என்றான் மகன்.

"பாத்துக்கிட்டுதாண்டா இருக்கேன்" என்றேன்.

அவர் விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். செல்களை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபின் ஊன்றுகோல் இல்லாமல் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. சிகிச்சை பலித்துவிடும் போலிருந்தது. அப்போதுதான் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் படத்தைத் துடைத்தேன்.

"ஏய், படம் சாஞ்சிருக்கு பாரு."

"நேராத்தான இருக்கு."

"கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாரு. இடது பக்கம் அரை விரக்கடை எறங்கியிருக்கு."

தொட்டுச் சரிசெய்தேன். "இப்ப?"

"இப்ப வலது பக்கம் எறங்கிடுச்சு."

"அப்ப செவுத்தத்தான் மாத்தணும்."

முகத்தைத் திருப்பிப் படுத்தார். செய்தித்தாளால் கண்ணை மூடிக்கொண்டார். சற்று நேரத்தில் தாளின் ஓரம் மெதுவாக உயர்ந்தது. கடைசியில் மகனிடம் வீடியோவில் புகார் செய்தார். அவர் போனில் குனிந்திருந்தபோதே, மகன் முகம் திரையில் வருவதற்குள் படத்தை நேராக்கிவிட்டேன்.

"நேராத்தானேப்பா இருக்கு? கால்ல வைத்தியம் பண்ணா கண்ணு போயிடுமா?" என்று மகன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. பேசி முடித்து அவர் கண்ணயர்ந்ததும் படத்தைப் பழையபடி சாய்த்துவைத்தேன். பழையபடி என்றால் அரை விரற்கடை. அதற்கு மேல் சாய்த்தால் அவரே அதைப் பார்த்துச் சிரித்துவிடுவார். அளவு முக்கியம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

ஐந்தாவது வாரம் ஒரு மத்தியானம், ஊன்றுகோல்களைத் துடைக்க எடுத்துப் போனேன். "நான் மாடிக்குப் போறேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, போகாமல் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். மகனுக்குக் கொடுத்த வாக்கு. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலையும் ஊன்றி நடந்தார். எட்டவில்லை. நுனிக்காலில் எம்பி, உடம்பைத் திருப்பி, ஒரு விரலால் படத்தைத் தட்டினார். முகம் சட்டென்று வெளுத்தது. ஆனால் படம் நேராகிவிட்டது. ஒரே தட்டில். அந்த நேர்த்தியை மெச்சத்தான் வேண்டும்.

நான் உள்ளே வந்தபோது கட்டிலில் வியர்த்துக் கிடந்தார்.

"இப்பப் பாரு" என்றார். "நேர்னா இதுதான்."

காலை ஊன்றியதை உங்களிடம் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டார். விதியை மீறியது அவருக்கு அவ்வளவு அவமானம். என் மேல் அவருக்குத் துளி சந்தேகமும் இல்லை. எனக்குப் படம் மாட்ட வராது என்று நம்புகிறார்.

அவருக்கு நான் எந்தக் கெடுதலும் செய்யவில்லை, டாக்டர். கைநீட்டித் தள்ளியது உண்டா? வேளாவேளைக்குச் சாப்பாடு, மருந்து. சாய்ந்த படத்தை அவர் சும்மா விட்டிருந்தால் இன்றைக்கு நடந்துகொண்டிருப்பார்.

மகன் மனசு கேட்கவில்லை. படிக்கட்டில் அப்பாவை உட்காரவைத்தே மேலே ஏற்றிக்கொண்டு போகும் நாற்காலி ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறான். அடுத்த வாரம் மாட்டுகிறார்கள். வந்ததும் முதல் வேலையாக மாடி அறையைப் பார்க்க வேண்டும் என்கிறார் அவர்.

அந்த நாற்காலியில் எங்கே பார்த்தாலும் திருகாணிதானாம். ஒன்று லேசாகத் தளர்ந்திருந்தாலும் அவருக்குப் பொறுக்காது. பாதிப் படியில் போய்க்கொண்டிருந்தாலும் குனிந்து பார்ப்பார்.

எனக்கோ திருகாணி முறுக்கவும் வராது.