சகலைக்குச் சொன்ன யோசனை

— மறுபடியும் சொல்லு. ரெண்டு காரா பார்த்திருக்கான்?

— ரெண்டைப் பார்த்து ஒண்ணை வாங்கப் போறார். ரெண்டையுமே வாங்கிட்ட மாதிரி ஏன் முழிக்கறீங்க?

— நான் எங்கே முழிச்சேன்? சந்தோஷமாத்தான் கேக்கறேன். என் சகலை கார் வாங்கினா எனக்குப் பெருமை இல்லையா?

— உங்க பெருமை தெரியுது. அந்தச் சட்டைப் பட்டனைத் திருகாதீங்க, கையோட வந்துடும்.

— அதுவும் ஹைப்ரிட். பெட்ரோல்லயும் ஓடும், பேட்டரியிலயும் ஓடும். இருபத்திரெண்டு வருஷமா பேட்டரிக்கடை வச்சிருக்கறவன் நான். செத்துப்போன வண்டிக்கெல்லாம் உசுரு கொடுக்கறவன். எனக்கு இன்னும் அந்தத் தகர வேன். மூக்குக்கண்ணாடி விக்கறவனுக்கு ஹைப்ரிட் கார்.

— என் தங்கச்சி வீட்டுக்காரர் உங்களை என்ன பண்ணினார்?

— ஒண்ணும் பண்ணலை. அதுதான் வயித்தெரிச்சலே. ஏதாவது பண்ணியிருந்தா ஒரு சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். உங்கப்பாவையே எடுத்துக்கோ. அவன் ஒரு கண்ணாடி மாட்டிவிட்டா, 'மாப்பிள்ளை என் கண்ணைத் திறந்துட்டார்'ங்கறார். நான் இன்வெர்ட்டருக்குப் புது பேட்டரி போட்டா, 'இது எத்தனை நாளைக்கு வரும்'ங்கறார்.

— அப்பா எல்லார்கிட்டயும் அப்படித்தான். அந்தத் தலைகாணியை இடுப்புக்கு முட்டுக் கொடுங்க. இன்னும் கொஞ்சம் கீழே. ஆங்.

— வலிக்குதா?

— வலிக்கறது பழகிப்போச்சு. இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் மூணு மாசம் வீல்சேர்னு சொன்னாங்களே, அதை நெனைச்சாத்தான். வாரம் மூணு நாள் ஆஸ்பத்திரிக்கு நடைப் பயிற்சிக்குப் போகணும். உங்க வேன்ல ஏறணும்னா ஏணி வைக்கணும்.

— பார்த்துக்கலாம். ஏதாவது வழி பண்றேன்.

— ஆமாமா. டாக்ஸி இருக்கு.

— எனக்கு ஒண்ணு மட்டும் புரிய மாட்டேங்குது. அவன் எங்கிட்டக் கேக்காம ஒரு காரியம் பண்றதில்லை. கேட்டுட்டு, நான் சொன்னபடியும் பண்றதில்லை. மூலைக்கடையா, சந்துக்கடையான்னு வந்து நின்னான். சந்துக்கடையை எடு, வாடகை கம்மின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். மூலைக்கடையை எடுத்தான். ஆறே மாசத்துல எதிர்ல கண் ஆஸ்பத்திரி வந்துடுச்சு. வீடு பார்க்கறப்பவும் அதே கதை. தரைத்தளத்தை எடுன்னேன், நாலாவது மாடிக்குப் போனான். அந்த வருஷ மழையில தரைத்தளத்துல கட்டில் மிதந்துச்சு.

— அவருக்கு உங்க யோசனை மேல அவ்வளவு மரியாதை.

— மரியாதை இருந்தா கேட்டு நடக்க மாட்டானா? அவனுக்கு உடம்பெல்லாம் மச்சம். நாளைக்கு நானே ஷோரூமுக்குப் போய் அந்த ரெண்டு வண்டியையும் பார்த்துட்டு வரேன்.

— நீங்க எதுக்கு?

— யோசனை சொல்றவன் பொருளைப் பார்க்க வேண்டாமா? ரெண்டுல எது மட்டம்னு தெரிஞ்சாத்தானே…

— தெரிஞ்சாத்தானே?

— தெரிஞ்சாத்தானே அதை வேண்டாம்னு சொல்ல முடியும்.

— ஆமாமா.

*

— வாங்க சார், உக்காருங்க. எந்த வண்டி பார்க்கறீங்க?

— உக்கார வரலை. மூக்குக்கண்ணாடிக்கடைக்காரர் ஒருத்தர் போன வாரம் ரெண்டு ஹைப்ரிட் பார்த்துட்டுப் போனாராமே. அதே ரெண்டைக் காட்டு தம்பி.

— அவரை மறக்க முடியுமா சார். நீங்க அவருக்கு…?

— தூரத்துப் பழக்கம்.

— இது ஒயர் வண்டி சார். வீட்டு பிளக்ல செருகி சார்ஜ் ஏத்திக்கணும். அம்பது கிலோமீட்டர் பெட்ரோல் வாசனையே இல்லாமப் போகும், அப்புறம்தான் பெட்ரோல். பெரிய திரை, கூரையில கண்ணாடி. அசல் விலைக்கு உங்க சிநேகிதர் கிட்டவே வர முடியாது. போன வருஷத்து வண்டி, பதினோரு மாசமா யார்டுல நிக்குது, அதனால இறக்கிக் கொடுக்கறோம்.

— பதினோரு மாசமா பேட்டரி கால் நீட்டிப் படுத்திருக்குன்னு சொல்லு.

— வாரண்டி இருக்கு சார்.

— வாரண்டி அட்டையை நான் தினம் பத்துப் பேருக்கு எழுதிக் கொடுக்கறவன். டிக்கியைத் திற. என்னப்பா இது, டிக்கியா, மேஜை டிராயரா?

— பெரிய பேட்டரி கீழே இருக்கு சார், அதனால தரை கொஞ்சம் மேல ஏறிடுச்சு. ரெண்டு பை தாராளமா வைக்கலாம். இது மத்தது, ஒயர் இல்லாதது. பிரேக் பிடிக்கப் பிடிக்கத் தானே சார்ஜ் ஏத்திக்கும். சின்ன பேட்டரி, பின் சீட்டுக்கு அடியில. டிக்கி ஆழம் பாருங்க, ஒரு ஆளையே மடிச்சு வைக்கலாம். ஆனா திரை சின்னது, கூரையும் வெறும் கூரை. இந்த வருஷத்து வண்டி. ரெண்டும் ஒரே விலையில வந்து நிக்குது. அவர் பட்ஜெட்டும் அங்கேயே முடிஞ்சுபோச்சு. 'இதுக்கு மேல ஒரு காசு கிடையாது, கடனும் வாங்க மாட்டேன்'னுட்டார்.

— நாலாவது மாடியில வீடு. கீழே பிளக் கிடையாது. தூங்கிப்போன பேட்டரி. டிராயர் டிக்கி. பிரமாதம். ஒயர் வண்டியையே சொல்லிடறேன்.

— உங்களை மாதிரி சிநேகிதர் கிடைக்கணும் சார்.

— அவன் எதுல மயங்கினான்? திரையிலயா, கூரையிலயா?

— அதுதான் வேடிக்கை. மனுஷர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. டிரைவருக்குப் பக்கத்து சீட்டுல, இடுப்பை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு ஏறினார், இறங்கினார். இதுல இருபது தடவை, அதுல இருபது தடவை. எங்க மேனேஜர் பயந்து தண்ணி எடுத்துட்டு ஓடி வந்தார். கேட்டா, அவர் அண்ணிக்கு அடுத்த மாசம் இடுப்பு ஆபரேஷனாம். வாரம் மூணு நாள் பயிற்சிக்கு இவர்தான் கூட்டிட்டுப் போகப் போறாராம். அவங்க வீட்ல ஒரு உயரமான வேன்தான் இருக்காம்.

— அதை அவங்க வீட்ல சொல்ல வேண்டியதுதானே?

— அந்த அண்ணியோட வீட்டுக்காரர் ரொம்ப ரோஷக்காரராம் சார். சொன்னா வேண்டாம்னுடுவாராம். அதனால தனக்கு வாங்கற மாதிரி வாங்கறாராம். ரெண்டுலயும் சீட் உயரம் சரியா இருக்கு, எதை எடுக்கறதுன்னு ஒருத்தரைக் கேட்டுட்டு வரேன்னு போனார். சார்? என்ன சார், முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. தண்ணி தரட்டுமா?

— வேண்டாம். அந்த முதல் டிக்கியை மறுபடியும் திற.

— மறுபடியுமா?

— மடக்கின வீல்சேர் இதுல போகுமா?

— அவர் அதைக் கேக்கலையே சார்.

— கேக்க மாட்டான். விக்கற சரக்கைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போறவனுக்கு டிக்கி ஞாபகம் எங்கேர்ந்து வரும்? ஒரு அளவு டேப் இருந்தா கொடு. பின் கதவையும் அளக்கணும்.

*

— தப்பா நெனைக்காதீங்கண்ணே, கடை நேரத்துல வந்துட்டேன்.

— வா சகலை. அந்த ஸ்டூல் வேண்டாம், ஆசிட் சிந்தியிருக்கு. பேன்ட் ஓட்டையானா உன் வீட்டுக்காரி சின்னவ என்னைத்தான் பேசுவா.

— ரெண்டு கார் பார்த்திருக்கேன். என் கடையில கண் டெஸ்ட் பண்றப்பக் கேப்பேனே, முதல் கண்ணாடி தெளிவா, ரெண்டாவது தெளிவான்னு. அந்த மாதிரி உங்களைக் கேக்கலாம்னு. முதலாவது…

— ரெண்டாவது.

— நான் இன்னும் கண்ணாடியையே மாட்டலையேண்ணே.

— உன் அண்ணி எல்லாம் சொல்லிட்டா. ஒயர் இல்லாததை வாங்கு.

— ஒயர் வண்டியில கூரையெல்லாம் கண்ணாடிண்ணே.

— கூரையில கண்ணாடி எதுக்கு? காக்கா போறதைப் பார்க்கவா? பதினோரு மாசம் நின்ன பேட்டரியை என் தலையில கட்டினாக்கூட எடுக்க மாட்டேன். அதுக்கு தினம் சோறு ஊட்டணும். நாலாவது மாடியிலேர்ந்து ஒயரைக் கிணத்து வாளி மாதிரி இறக்குவியா?

— கடை வாசல்ல பிளக் இருக்குண்ணே, அங்கே போட்டுக்கலாம்.

— வேண்டாம். நான் சொல்றதைக் கேளு.

— எப்பவும் ரெண்டு பழமொழி, மூணு உதாரணம் சொல்லி, டீ வரவழைச்சு, அப்புறம்தானே சொல்வீங்க. இன்னிக்கு இவ்வளவு அழுத்தமா…

— இன்னிக்குப் பழமொழி இல்லை, டீயும் இல்லை. அந்த டிக்கி சரியில்லை.

— டிக்கியா? எனக்கு லக்கேஜே கிடையாதேண்ணே.

— உனக்கு இல்லை. ஆனா வீட்டு மனுஷங்க யாராவது ஏறினா, ஏதாவது எடுத்துட்டு வர மாட்டாங்களா? கொஞ்சம் பெரிசா. மடக்கி வைக்கற மாதிரி.

— என்னதுண்ணே?

— குடை.

— குடையா?

— பெரிய குடை. சரி, விடு. நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன் சகலை. இதுவரைக்கும் நான் சொன்னதையெல்லாம் மறந்துடு. இதை மட்டும் கேளு. ஒயர் இல்லாதது.

— புரிஞ்சுதுண்ணே. இவ்வளவு தெளிவா நீங்க என்னிக்குமே சொன்னதில்லை.

— அதைத்தானே வாங்குவே?

— உங்ககிட்டக் கேக்காம நான் என்னிக்கு எதை வாங்கியிருக்கேன்?

*

— மெதுவா அண்ணி. முதல்ல உக்காந்துக்கோங்க, அப்புறம் காலை ஒண்ணொண்ணா உள்ளே எடுங்க. அவசரமே இல்லை.

— அடடே. எனக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு சீட்டு. இருபது தடவை ஏறி இறங்கிப் பார்த்தீங்களாமே, சின்னவ இன்னிக்குக் காலையிலதான் சொன்னா. கேட்டு அழுதுட்டேன், அப்புறம் நீங்க இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறதை நெனைச்சுச் சிரிச்சுட்டேன்.

— சகலை, இங்கே பின்னால வா.

— வந்துட்டேண்ணே. வீல்சேரை மடக்கிட்டீங்களா? கொடுங்க, டிக்கியில வச்சுடலாம்.

— இது ஒயர் வண்டி.

— ஆமாண்ணே.

— நான் எதை வாங்கச் சொன்னேன்?

— முதல்ல இதை வச்சுடறேண்ணே, அண்ணிக்கு நேரமாகுது. சக்கரம் இடிக்குதே. படுக்க வச்சா… டிக்கி மூட மாட்டேங்குது. நிமிர்த்தினா கண்ணாடியில முட்டுது. பின் சீட்டுல வச்சுடலாமா?

— பின் கதவுல நுழையாது. நாலு விரல் பத்தாது. அளந்தாச்சு.

— எப்பண்ணே அளந்தீங்க?

— நீ எங்கிட்டக் கேக்க வர்றதுக்கு முந்தின நாள், ஷோரூம்ல. யாருக்கு வாங்கறேன்னும் அங்கேயே தெரிஞ்சுக்கிட்டேன். ரோஷக்காரன்னு சொன்னியாமே, அதுவும் தெரியும். அதனாலதான் நெஞ்சைத் தொட்டுச் சொன்னேன், அந்த வண்டியை வாங்குன்னு. ஏன்டா வாங்கலை?

— நீங்க சொன்னதாலதாண்ணே.

— என்னது?

— தப்பா நெனைக்காதீங்க. கல்யாணமான நாள்லேர்ந்து அப்படித்தான். நீங்க எதை வாங்குன்னு சொல்றீங்களோ, அதை விட்டுட்டு மத்ததை வாங்குவேன். மூலைக்கடை அப்படி எடுத்ததுதான். நாலாவது மாடி அப்படித்தான். ஒரு தடவைகூடப் பிசகினது இல்லை. நீங்க எனக்குத் திசைகாட்டி மாதிரிண்ணே. என்ன, முள் தெற்கைக் காட்டும். அது தெரிஞ்சவனுக்கு வழி தப்பாது. இந்தத் தடவை நீங்க இவ்வளவு அடிச்சுச் சொன்னதும், ஒயர் வண்டிதான் தங்கம்னு அன்னிக்கே பணத்தைக் கட்டிட்டேன்.

— இந்தப் பாடத்தை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

— அது வந்துண்ணே…

— யாருடா?

— ஏங்க, அவரை ஏன் மிரட்டறீங்க? நான்தான்.

— நீயா?

— சின்னவ கல்யாணத்தன்னிக்கே அவ காதுல போட்டேன். 'எங்க வீட்டுக்காரருக்கு ஞானம் ஜாஸ்தி. ரெண்டுல எது நல்லதுன்னு பார்த்தவுடனே கண்டுபிடிச்சுடுவார். ஆனா மனசு கொஞ்சம் காந்தும், அந்த நல்லதை மட்டும் உங்களுக்குச் சொல்ல மாட்டார். அதனால அவரைக் கேக்காம எதையும் வாங்காதீங்க, அவர் சொன்னதையும் வாங்காதீங்க'ன்னு.

— பதினெட்டு வருஷமா எங்கூடவே இருந்துக்கிட்டு…

— உங்க ஞானம் யாருக்காவது பிரயோஜனப்படட்டுமேன்னுதான். அது சரி, இந்தத் தடவை மட்டும் எப்படித் தப்பாப்போச்சு?

— இந்த ஒரே ஒரு தடவைதான், உனக்குத்தான் வண்டின்னு தெரிஞ்சு, என் வயித்தெரிச்சலையெல்லாம் மூட்டை கட்டி வச்சுட்டு, அவன்கிட்ட உண்மையைச் சொன்னேன்.

— அட என் சாமி. திருந்தறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?